உம் கொட்ட ஒரு ஆள்

"லேய் மக்கா, ரூமுக்கு வந்தாச்சா?"

"வந்தாச்சு டே. ஊர்ல மழை உண்டா?"

"உண்டு. சாயங்காலத்துல இருந்தே பெய்யுது. சாப்ட்டியா?"

"இப்பத்தான். குப்பூஸும் பருப்பும். நீ படம் பாத்தியா?"

"பாத்தேன், கொள்ளாம். செகண்ட் ஆஃப்தான் இழுவை."

"இங்க ஆபீஸ்ல புதுசா ஒரு ஏஐ குடுத்திருக்கான். நாலு பேரு பாக்குற வேலைய அது ஒண்ணே பாக்குமாம்."

"அப்ப நீ என்ன பாப்ப?"

"படம்."

நாகர்கோவில் வடசேரியில் ஒன்றாக வளர்ந்த நண்பர்கள் இரவு பத்து மணி வாக்கில் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஒருவர் ஷார்ஜாவில் டூட்டி முடிந்து ரூமுக்குத் திரும்பியிருப்பார். அங்கே அப்போது மணி எட்டரை. இன்னொருவர் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பார். மூன்றாமவர் ஊரிலேயே, வடசேரியின் கோயில் நகைப் பட்டறை ஒன்றில் சிவப்புக்கல் பதிக்கிறவராக இருப்பார். இப்படி ஒரு குழு இல்லாத கைபேசி இந்தப் பகுதியில் அபூர்வம்.

இந்த எட்டு வரிகளில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் தெரிய வரவில்லை. ஐப்பசியில், நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டில் மழை பெய்வது செய்தியே இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது. வேலை முடிந்தவர் ரூமுக்கு வந்திருப்பார், வந்தவர் சாப்பிட்டிருப்பார். வீட்டில் இருப்பவர்கள் இதை வெட்டிப் பேச்சு என்பார்கள். ஆனாலும் மறுநாள் அதே நேரத்துக்கு அதே கேள்விகள் வரும், அதே பதில்களும் வரும். இது ஏன் நடக்கிறது, இதனால் மனிதருக்கு என்ன கிடைக்கிறது என்பதை மானிடவியலாளர்களும் மொழியியலாளர்களும் உளவியலாளர்களும் நூறு ஆண்டுகளாகத் துருவியிருக்கிறார்கள். அதையெல்லாம் சேர்த்து வாசித்தபின் எனக்குப் படுவது இது: என்ன பேசினார்கள் என்று பார்த்தால் கையில் ஒன்றும் சிக்காது. பதில் எப்போது வந்தது, எப்படி வந்தது என்று பார்த்தால் ஏராளமாகச் சிக்கும்.

முதலில் தகவல் என்ற கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன், ஒரு செய்தியில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்று அளக்க ஒரு சூத்திரம் கண்டார். எதிர்பாராதது எவ்வளவோ, தகவல் அவ்வளவு. ஆம், இல்லை இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு இருந்தால் அந்தப் பதிலின் மதிப்பு 1 பிட். "சாப்ட்டியா?" என்பதற்கு நூற்றில் 99 முறை "சாப்ட்டேன்" என்றுதான் பதில் வரும் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கேள்வி சராசரியாகத் தருவது 0.08 பிட். ஒன்றுமில்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் அந்த நூற்றில் ஒரு முறை, "இல்ல டே, சாப்பிடல" என்று வருகிறதே, அந்த ஒரு பதிலின் மதிப்பு 6.6 பிட்டுக்கு மேல். காய்ச்சலாக இருக்கலாம், சம்பளம் வராமல் இருக்கலாம், மேஸ்திரியோடு தகராறாக இருக்கலாம். நண்பர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். தினமும் கேட்டு வைத்தால்தான் இந்த ஒரு நாள் தனியாகத் தெரியும். பதிலே வரவில்லை என்றால் அதைவிடப் பெரிய செய்தி. இரண்டு நாள் ஒருவரிடமிருந்து சத்தமில்லை என்றால் அவருடைய ரூம்மேட்டின் எண்ணைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

டெக்னோபார்க் நண்பருக்கு இது நன்றாகவே தெரிந்த விஷயம். அவர் பார்த்துக்கொள்ளும் சர்வர்கள் சில விநாடிகளுக்கு ஒரு முறை ஒன்றுக்கொன்று ஒரு சின்ன சிக்னலை அனுப்பியபடியே இருக்கும். அதில் சொல்லத்தக்க சரக்கு எதுவும் இருக்காது. இருக்கிறேன் என்பதைத் தவிர. அது நின்றால்தான் அலாரம் அடிக்கும். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதிய 'பிங்' என்ற குட்டி நிரலும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்த முனையில் இருக்கும் கணினி உயிரோடு இருக்கிறதா, பதில் திரும்பிவர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று மட்டும் அது பார்க்கும். இன்றும் நெட்வொர்க்கில் கோளாறு என்றால் முதலில் அதைத்தான் ஓட்டுகிறார்கள்.

கணினிகளுக்கு வெகுகாலம் முன்பே இதைக் கவனித்தவர் புரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி. நியூகினிக்குக் கிழக்கே டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர். 1923இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், நலம் விசாரிப்பதும் வானிலை பேசுவதும் கருத்தைக் கடத்துவதற்காக நடப்பவை அல்ல, சொற்களைப் பரிமாறிக்கொள்வதாலேயே மனிதர்களிடையே பிணைப்பு உண்டாகிறது என்று எழுதினார். பேசாமல் நிற்கும் அந்நியரைக் கண்டால் மனிதருக்கு உள்ளூர ஒரு கலக்கம் வருகிறது, பேச்சு அதைக் கலைக்கிறது என்பது அவர் வாதம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்பவர் "பஸ் போயாச்சா?" என்று கேட்பதில் பாதி இதுதான். பஸ் போகவில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்கும்.

பரிணாம உளவியலாளர் ராபின் டன்பர் இதே கேள்வியைக் குரங்குகளிடமிருந்து தொடங்கினார். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதும் ரோமத்தைக் கோதுவதும் சுத்தத்துக்காக மட்டும் இல்லை. கோதும்போது மூளையில் எண்டார்ஃபின் சுரக்கிறது, உறவு இறுகுகிறது. எத்தியோப்பிய மலைகளில் வாழும் ஜெலாடா குரங்குகள் விழித்திருக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை இதற்கே செலவிடுவது உண்டு. ஒரு கை ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் கோத முடியும். மனிதக் கூட்டம் பெரிதானபோது அதற்கு நேரம் போதவில்லை, பேச்சு அந்த இடத்துக்கு வந்தது என்பது 1990களில் அவர் வைத்த கருதுகோள். 1997இல் அவரும் சகாக்களும் பொது இடங்களில் மக்கள் இயல்பாகப் பேசுவதைக் கேட்டுக் குறித்தபோது, பேச்சு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யார், எவர், என்ன செய்தார் என்ற மனித விஷயங்களிலேயே கழிந்தது.

ஒரு மனிதரால் ஏறத்தாழ 150 பேரோடுதான் உறவு பேண முடியும் என்று டன்பர் சொன்ன எண் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்த எண்ணை நான் அப்படியே நம்புவதில்லை. 2021இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் அதே வகைத் தரவுகளை மறுபடி கணக்கிட்டார்கள். விடை ஒற்றை இலக்கத்திலிருந்து சில நூறு வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்று வந்தது. ஆனால் அவருடைய இன்னொரு கணக்கை யாரும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம். இயல்பாக உருவாகும் பேச்சு வட்டத்தில் நான்கு பேருக்கு மேல் நிற்பதில்லை. ஐந்தாவது ஆள் வந்தால் சற்று நேரத்தில் வட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். கனகமூலம் சந்தை ஓரத்து டீக்கடை முன்னால் காலையில் பத்து நிமிஷம் நின்றால் போதும். ஆறு பேர் கிளாஸோடு நிற்பார்கள், பேச்சு இரண்டு ஓடும். இருநூறு பேர் சேர்ந்திருக்கும் பள்ளிக்கால வாட்ஸ்அப் குழுவிலும் உண்மையில் பேசிக்கொண்டிருப்பது எப்போதும் மூன்று நான்கு பேர்தான். மீதிப் பேர் பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டும் தலைகாட்டுவார்கள்.

இனி நேரத்துக்கு வருவோம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தில் டான்யா ஸ்டிவர்ஸும் சகாக்களும் பத்து மொழிகளில் மக்கள் சகஜமாகப் பேசுவதை வீடியோவில் பதிந்து, ஆம்-இல்லைக் கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. சராசரி சுமார் 200 மில்லி விநாடி. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. டேனிஷ் மொழிக்காரர்கள் கொஞ்சம் தாமதித்தார்கள், ஜப்பானியர்கள் ஏறக்குறைய இடைவெளியே விடவில்லை. ஆனாலும் பத்து மொழியும் அந்தச் சராசரியைச் சுற்றிக் கால் விநாடிக்குள்ளேயே அடங்கின.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், மூளை சொல்லைத் தேடி, ஒலியைக் கோத்து, வாயைத் திறக்க சுமார் 600 மில்லி விநாடி ஆகிறது. ஒரே ஒரு சொல்லுக்கே 600 என்றால், 200இல் எப்படிப் பதில் வரும்? ஒரே வழிதான் உண்டு. எதிராளி பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அவர் எப்போது முடிப்பார் என்றும் முன்கூட்டியே ஊகித்திருக்க வேண்டும். மூளையின் மின்னலைகளை அளந்த 2015ஆம் ஆண்டு ஆய்வு அப்படித்தான் நடக்கிறது என்று காட்டியது. கேள்வியின் நடுவிலேயே விடை புரிந்துவிட்டால், புரிந்த அரை விநாடிக்குள் தயாரிப்பு தொடங்கிவிடுகிறது. "படம் பாத்தியா" என்பதில் அது கேள்வி என்று காட்டும் ஆகாரம் கடைசியில்தான் வருகிறது. ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில், கேள்விக் குறிப்பும் கடைசியில். ஆனாலும் அந்தப் பத்து மொழிகளில் மிக வேகமாகப் பதில் வந்தது அதில்தான். குரலின் ஏற்ற இறக்கமும், முன்பின் பேச்சும், ஆளைப் பற்றிய பழக்கமும் சேர்ந்து காதுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகின்றன.

ஆகவே பேச்சில் இருக்கும் இருவரும் ஒருவரை ஒருவர் இடைவிடாமல் கணித்துக்கொண்டிருக்கிறார்கள். மழை உண்டா, சாப்ட்டியா என்று கேட்கும்போது மூளை ஓய்ந்திருக்கவில்லை. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் எம்மா டெம்பிள்டனும் தாலியா வீட்லியும் நடத்திய ஆய்வு 2022இல் வந்தது. பதில்கள் வேகமாக வந்த உரையாடல்களில் இருவருக்கும் நெருக்கமான உணர்வு கூடுதலாக இருந்தது. உரையாடல் பதிவுகளில் இடைவெளியை மட்டும் கூட்டியும் குறைத்தும் வெளியாட்களிடம் போட்டுக் காட்டினார்கள். இடைவெளி குறைந்த பதிவில் இருப்பவர்களையே அதிகம் ஒத்துப்போகிறவர்கள் என்று அவர்களும் சொன்னார்கள். பேசிய விஷயம் அதேதான். மாறியது மில்லி விநாடிகள். அடுத்த ஆண்டு அதே குழு இன்னொன்றைச் சொன்னது. நீண்ட மௌனம் அந்நியர்களைத்தான் நெளிய வைக்கிறது. நண்பர்களுக்கு அப்படி இல்லை. நண்பர்களிடையே மௌனம் கூடுதலாகவே வருகிறது, அது அவர்களைப் பிரிக்கவில்லை.

இடைவெளிக்கு வேறொரு அர்த்தமும் உண்டு. "நாளைக்கு வருவியா?" என்றதும் "வருவேன்" சட்டென்று வந்துவிடும். சுமார் 0.7 விநாடி தாண்டியும் சத்தமில்லை என்றால், வரப்போவது பெரும்பாலும் மறுப்போ சாக்கோதான் என்று ஆங்கில உரையாடல்களை அளந்தவர்கள் கண்டார்கள். நாமும் அதைக் கணக்கில்லாமலே உணர்கிறோம், "என்ன டே, யோசிக்கே?" என்று கேட்பது அந்த இடத்தில்தான்.

வளைகுடாவுக்குப் போனவர்களின் குடும்பங்கள் முந்தைய தலைமுறையில் பட்ட ஒரு சங்கடம் இந்தக் கணக்கால் விளங்குகிறது. செயற்கைக்கோள் வழியாக வந்த வெளிநாட்டு அழைப்புகளில் பேச்சு ஒட்டாது. இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "ஆங்? என்ன?" என்று கத்துவார்கள். தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. குரல் ஏறி இறங்க 72,000 கி.மீ. ஒளியின் வேகத்திலேயே போனாலும் கால் விநாடி. பதில் திரும்பிவர இன்னொரு கால் விநாடி. இயல்பான 0.2 விநாடி இடைவெளியோடு இந்த அரை விநாடியைக் கூட்டிப் பாருங்கள்: 0.7 வருகிறது. மறுப்பு என்று நாம் வாசிக்கும் அதே எல்லை. "சுகமா இருக்கியா?" என்று அம்மா கேட்க, மகன் உடனே "இருக்கேன்" என்று சொன்னாலும், அவர் காதுக்கு அது தயங்கிச் சொன்னதாகவே விழுந்திருக்கும். 2014இல் ஜெர்மனியில் நடந்த ஒரு சோதனையில், தொலைபேசி இணைப்பில் செயற்கையாகத் தாமதம் சேர்த்தபோது, பேசியவர்கள் குறை சொன்னது இணைப்பை அல்ல. எதிராளி கவனமில்லாதவர், அவ்வளவு சிநேகமாக இல்லை என்றார்கள். கோளாறு கம்பியில், பழி ஆளின் மேல்.

இன்று கடலடிக் கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகிறது. 3,000 கி.மீ. நீளத்தை 15 மில்லி விநாடியில் கடந்துவிடும். இணையவழிக் காலில் நடுவிலுள்ள கருவிகள் சேர்க்கும் தாமதம்தான் மிச்சம். நல்ல இணைப்பு கிடைக்கும் இரவில் ஷார்ஜாவும் வடசேரியும் ஒரே திண்ணையில் இருப்பதுபோலப் பேசிக்கொள்ள முடிகிறது என்றால், அந்த அரை விநாடி போனதுதான் காரணம்.

கேட்பவர் சும்மா இருப்பதில்லை என்பதற்கு ஒரு அருமையான சோதனை உண்டு. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பெவலஸ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒருவர், தான் மயிரிழையில் தப்பிய சம்பவம் ஒன்றை முன்பின் தெரியாத இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ரகசியமாக ஒரு வேலை கொடுத்தார்கள்: கதையில் 't' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ண வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், காதும் கொடுத்தார்கள். ஆனால் கதையில் மனம் இல்லாததால், சரியான இடத்தில் "ஐயோ" என்று முகம் சுளிக்கவோ மூச்சை இழுக்கவோ அவர்களால் முடியவில்லை. அவ்வளவுதான், கதை சொன்னவர்கள் தடுமாறினார்கள். குறிப்பாக முடிவில். திக்கென்று நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், சொன்னதையே திரும்பச் சொல்லி, அது ஏன் ஆபத்தாக இருந்தது என்று விளக்கம் கொடுத்து இழுத்தார்கள். எதிரில் இருப்பவர் உம் கொட்டவில்லை என்றால் நல்ல கதையும் சொல்பவர் வாயிலேயே கெட்டுப்போகிறது.

நாஞ்சில் நாட்டுப் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் "கேட்டியா", "கேட்டேளா" என்று ஒட்டிக்கொண்டே வருவதை வெளியூர்க்காரர்கள் வியப்பாகக் கவனிப்பார்கள். அது உம் கொட்டச் சொல்லிக் கேட்கும் இடம். பெவலஸ் ஆய்வகத்தில் கண்டதற்கு இந்த ஊர் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்தது. நாகர்கோவிலை மனத்தில் வைத்து எழுதிய நாவல். அதில் கதைகளை அள்ளி அள்ளித் தரும் தாமோதர ஆசானைச் சுற்றி எப்போதும் இளைஞர் கூட்டம் இருக்கும். அந்தக் கூட்டம் இல்லாத ஆசானை நினைத்துப் பார்க்கவே முடியாது.

எழுத்தில் பேசும்போது இந்த 200 மில்லி விநாடியும் போய்விடுகிறது, உம்மும் போய்விடுகிறது, குரலும் போய்விடுகிறது. மனிதர்கள் அதைச் சும்மா விடவில்லை. 1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், நிறுத்தற்குறிகளை வைத்துச் சிரித்த முகம் ஒன்றைச் செய்து, இது வேடிக்கைக்குச் சொன்னது என்று காட்ட இதைப் போடுங்கள் என்றார். கணினியில் எழுதிய நக்கலை நிஜமென்று எடுத்துக்கொண்டு சண்டை வந்ததால் பிறந்த யோசனை அது. இன்று கட்டைவிரலும் கண்ணீர்ச் சிரிப்பும் உம் கொட்டும் வேலையைச் செய்கின்றன. 'டைப் செய்கிறார்' என்று திரையில் வருவது, எதிராளி மூச்சை இழுப்பதற்கு ஈடு. நீலக் குறி விழுந்தும் பதில் வராவிட்டால் மனம் சுருங்குவது, 0.7 விநாடியைத் தாண்டிய மௌனத்தின் நீட்சி. நிறுத்தற்புள்ளிக்குக்கூடப் புதுப் பொருள் வந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 2015இல் கண்டபடி, ஒற்றைச் சொல் குறுஞ்செய்தியின் கடைசியில் புள்ளி வைத்தால் படித்தவர்கள் அதை மனமில்லாத பதிலாக எடுத்துக்கொண்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிக் காட்டியபோது புள்ளியால் எந்த வேறுபாடும் இல்லை.

இவ்வளவு ஈடுகட்டியும் குரலுக்கு இணையாகவில்லை என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லெஸ்லி செல்ட்சர், 7 முதல் 12 வயது வரையுள்ள சிறுமிகளை அந்நியர்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்தார். பதற்றத்தோடு வெளியே வந்தவர்களில் சிலர் அம்மாவை நேரில் பார்த்தார்கள், சிலர் போனில் பேசினார்கள், சிலர் அம்மாவோடு கணினியில் எழுத்தில் பேசினார்கள், சிலருக்கு யாரும் இல்லை. நேரிலும் போனிலும் பேசியவர்களுக்குப் பதற்றத்தின் ஹார்மோனான கார்டிசால் இறங்கியது, ஆக்சிடோசின் ஏறியது. எழுத்தில் பேசியவர்கள் யாருமே இல்லாதவர்களைப் போலவே இருந்தார்கள். 2012இல் வந்த சிறிய ஆய்வு. குழந்தைகளும் தாய்மாரும் பற்றியது. பெரியவர்களின் நட்புக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் வளைகுடாவிலிருந்து ஒரு காலத்தில் கேசட்டில் பேசிப் பதிந்து ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்துவிட்டவர்கள், கடிதம் எழுதத் தெரியாததால் மட்டும் அப்படிச் செய்யவில்லை என்று இதைப் படிக்கும்போது தோன்றுகிறது. இன்றைய வாய்ஸ் நோட் அந்தக் கேசட்டின் வாரிசு. வயதான அம்மாக்கள் எழுதுவதைவிட அதைத்தான் விரும்புகிறார்கள்.

பேச்சுக்குச் சினிமா ஏன் இவ்வளவு தோதாக இருக்கிறது? கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908இல் பிறந்த ஒழுகினசேரி வடசேரியை ஒட்டி இருக்கிறது; இந்தப் பக்கத்தில் சினிமாப் பேச்சுக்கு என்றுமே பஞ்சமில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் 2014இல் எரிகா பூத்பி செய்த சோதனையில், இருவர் ஒரே நேரத்தில் ஒரே சாக்லேட்டைத் தின்றபோது அது கூடுதலாக இனித்தது. மற்றவர் வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது அவ்வளவு இனிக்கவில்லை. கசப்புச் சாக்லேட்டோ சேர்ந்து தின்றபோது கூடுதலாகக் கசந்தது. இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. சேர்ந்து அனுபவிப்பது அனுபவத்தைப் பெருக்குகிறது, நல்லதோ கெட்டதோ. ஷார்ஜாவில் ஒருவரும் நாகர்கோவிலில் ஒருவரும் ஒரே வார இறுதியில் ஒரே படத்தைப் பார்த்துவிட்டால், அவர்களுக்கு நடுவே கடல் இருந்தாலும் பொதுவாக ஒன்று கிடைத்துவிடுகிறது. மோசமான படமானால் இன்னும் நல்லது. திட்டித் தீர்க்க ஒரு வாரம் போதாது.

எதிர்ச்சான்றும் உண்டு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், அறிமுகமானவர் நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று 2018இல் கணக்கிட்டார். அந்த ஆய்விலேயே, சினிமா, விளையாட்டு என்று மேலோட்டமாக மட்டும் பேசிக்கொண்டவர்கள் அதனால் நெருங்கவில்லை. கிண்டலடிப்பதும், இன்றைக்கு என்ன நடந்தது என்று விசாரிப்பதும், மனம்விட்டுப் பேசுவதும்தான் நெருக்கத்தைக் கூட்டின. மத்தியாஸ் மெல் என்ற உளவியலாளர் 79 மாணவர்களின் உடையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மாட்டி, 2010இல் ஒரு முடிவு சொன்னார்: மகிழ்ச்சியானவர்கள் வெட்டிப் பேச்சுக் குறைவாகவும் ஆழமான பேச்சு அதிகமாகவும் பேசுகிறார்கள். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. 2018இல் அவரே 486 பேரை வைத்து மறுபடி பார்த்தபோது, ஆழமான பேச்சுக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள தொடர்பு நின்றது. வெட்டிப் பேச்சு கெடுதல் என்ற பகுதி நிற்கவில்லை. இந்த இரண்டாவது செய்தி முதலாவது அளவுக்குப் பரவாதது எனக்கு வருத்தம். மேலே பார்த்த நண்பர்கள் பேச்சில் படம் ஒரு வரி, அதன் வாலில் ஒரு கிண்டல், அதற்கு நடுவே வேலை போய்விடுமோ என்ற ஒரு கவலை இருக்கிறது. ஏஐ பற்றிய அந்த வரியை எழுதியவர், நாலு பேரில் தானும் ஒருவரோ என்று யோசித்துத்தான் எழுதியிருப்பார். அதை நேரடியாகச் சொல்ல வராது. படத்தின் பக்கத்தில் வைத்துச் சொல்ல வரும்.

அந்தக் கவலைக்கு மருந்தும் இதே பேச்சில்தான் கிடைக்கிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் கிடைத்தது 16.7 சதவீதத்தினருக்குத்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6, மிக அரிதாகப் பார்ப்பவர் மூலம் 27.8 சதவீதம். 1973இல் இது வந்தது. காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவர் வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருவார். 2022இல் லிங்க்டுஇன் தளத்தில் 2 கோடிப் பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்த சோதனையின் முடிவு 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதிகம் உதவியவை மிக நெருக்கமானவையும் அல்லாத, அறவே அறிமுகமற்றவையும் அல்லாத நடுத்தர உறவுகள். கணினி சார்ந்த துறைகளில் தளர்ந்த உறவும், கணினி அதிகம் நுழையாத துறைகளில் நெருங்கிய உறவும் வேலை வாங்கித் தந்தன.

வடசேரியில் இந்த இரண்டையும் ஒரே தெருவில் பார்க்கலாம். வெள்ளியில் உரு செய்து, தங்க ரேக்கு ஏற்றி, சிவப்புக்கல் பதிக்கும் கோயில் நகை வேலைக்கு ஆள் எடுப்பது அப்பா, மாமா, பக்கத்துப் பட்டறை வழியாகத்தான். பரதநாட்டிய மேடைகள் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் போகும் இந்த நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. கையைப் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டிய தொழில், நம்பி உள்ளே விட வேண்டிய தொழில். டெக்னோபார்க் நண்பருக்கு அடுத்த வேலை அப்படி வராது. பள்ளியில் இரண்டு வகுப்பு மேலே படித்து, இப்போது பெங்களூரில் இருந்துகொண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை படத்துக்கு விமர்சனம் மட்டும் போடுகிறாரே, அவர் வழியாக வரும். கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்த 61,000 மைக்ரோசாஃப்ட் ஊழியர்களின் தொடர்புகளை ஆராய்ந்தவர்கள், இப்படியான தூரத்து இழைகள் மெலிந்தன, ஒவ்வொரு குழுவும் தன்னுள் சுருங்கியது என்று கண்டார்கள். அலுவலக வராந்தாவில் நடக்கும் அரைகுறைப் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது.

நைமேகனில் அளந்த அந்தப் பத்து மொழிகளில் தமிழ் இல்லை. அளக்கப் பெரிய ஆய்வகமும் வேண்டாம். சம்மதத்தோடு கைபேசியில் பதிந்த அரை மணி நேரப் பேச்சு, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் 'பிராட்' என்ற ஒலி ஆய்வு மென்பொருள், பொறுமையுள்ள இரண்டு மாணவர்கள் இருந்தால் நாகர்கோவிலின் எந்தக் கல்லூரியிலும் தொடங்கிவிடலாம். ஒரு மேசையில் நண்பர்கள் இருவர், ஒருவர் கைபேசியில் ஷார்ஜாவிலிருந்து மூன்றாமவர். ஒவ்வொரு "கேட்டியா"வும் முடியும் இடத்தில் ஒரு கோடு, அடுத்த "உம்" தொடங்கும் இடத்தில் ஒரு கோடு. நேரில் வந்த உம்மையும் போனில் வந்த உம்மையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். நூறு ஜோடி சேர்ந்ததும் சராசரி எடுக்கலாம்.